எலும்புக்கூடு, ஜாதிக்காய், கத்ரீன்

திகில் நாவல் படிக்கிற நாலு பேர் ஒண்ணு சேர்ந்தா, சண்டை எப்பவும் முடிவைப் பற்றித்தான் வரும். "கொலையுதிர் காலம்" தெரியும்தானே? எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் வாத்தியார் சுஜாதா எழுதின தொடர். பேயா, அறிவியலா என்று கணேஷையும் வசந்த்தையும் அலையவிட்டு, ஹோலோகிராம் அது இதுன்னு ஒரு விளக்கமும் கொடுத்துட்டு, அதை முழுசா நம்பவும் விடாம முடிச்சிருப்பார். (படிக்காதவங்க மன்னிக்கவும், பாதி சஸ்பென்ஸ் போச்சு.) ஒரு கோஷ்டி "ஏமாத்திட்டார்யா" என்னும். இன்னொரு கோஷ்டி "அதுதான்யா திகிலே" என்னும். நான் ரெண்டாவது கோஷ்டி.

ஆனா எனக்கு அதைவிடப் பிடிச்ச இன்னொரு வகை முடிவு உண்டு. கதையெல்லாம் முடிஞ்சபிறகு காகிதத்தைப் பற்றிப் பேசுகிற முடிவு. 1897ல் வந்த டிராகுலா முழுக்க டைரி, கடிதம், தந்தி என்றே ஓடும். கடைசிக் குறிப்பில் ஜோனதன் ஹார்க்கர் சொல்வது என்ன தெரியுமா? இருப்பதெல்லாம் டைப் அடித்த தாள்கள், அசல் ஆவணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் தேறவில்லை, யார் நம்புவார்கள் என்று. மார்கரெட் அட்வுட்டின் "த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்" (1985) இன்னும் மோசம். ஒரு கொடுங்கோல் நாட்டில் பிள்ளை பெறுவதற்காகவே அடிமையாக வைக்கப்பட்ட பெண்ணின் கதை. திடீரென்று 2195ல் ஒரு வரலாற்றுக் கருத்தரங்கில் வந்து முடியும். அவள் பேசிப் பதிந்த நாடாக்களை வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியர் ஜோக் அடிக்கிறார், சபை சிரிக்கிறது. அவளுடைய எஜமானன் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு அக்கறை. அவள் தப்பினாளா, நிஜப்பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. இது என்ன முடிவு என்று புத்தகத்தைத் தூக்கிப் போட்ட நண்பர்கள் எனக்கு உண்டு.

இது நிஜ வாழ்க்கையில் எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா ரொம்ப தூரம் போகவேண்டாம். சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி, பழவேற்காடு.

பழவேற்காடுன்னா நமக்கு நண்டு, இறால், பூநாரை. கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்க டச்சுக் கல்லறைக்குப் போவாங்க. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள் நிற்கும். எல்லாரும் அதோட நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. திகில் பட போஸ்டர் மாதிரியே இருக்கும், தப்பு சொல்லமுடியாது. உள்ளே பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள். பெயர், பதவி, பிறப்பு, இறப்பு, குடும்பச் சின்னம் எல்லாம் அழகாக வெட்டிய கற்கள். தொல்லியல் துறை பாதுகாக்கிறது.

என்னைக் கேட்டா, இந்த ஊரிலேயே பயப்பட ஒன்றும் இல்லாத இடம் அதுதான். செத்தவர்கள் யார் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறதே!

திகில் கோட்டைப் பக்கம். 1610ல் விஜயநகர அரசன் வேங்கடனிடம் அனுமதி வாங்கி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கடை போட்டது. 1612ல் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அதை அடித்து நொறுக்க, 1613ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைநகர் இதுதான். இங்கிருந்து என்ன போச்சு? துணி. "புலிக்காட்" என்று ஊர்ப்பெயரிலேயே உலகமெல்லாம் விற்ற கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி. வெடிமருந்து. அப்புறம், மனிதர்கள்.

ஏன் மனிதர்கள் என்பதற்கு விடை பல ஆயிரம் மைலுக்கு அப்பால், இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் இருக்கிறது. அன்றைக்கு உலகத்துக்கே ஜாதிக்காய் அங்கிருந்துதான். 1621ல் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு போய் அந்தத் தீவுகளைப் பிடித்தார். கிட்டத்தட்ட 15,000 பேர் இருந்த இடத்தில் பெரும்பாலோர் கொலையிலும் பட்டினியிலும் போனார்கள், அல்லது நாடு கடத்தப்பட்டார்கள். சரி, இனி தோட்டத்தில் யார் வேலை செய்வது? படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கம்பெனி ஒரு நகரமே கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு யார் மண் சுமப்பது? சோழமண்டலக் கரையைப் பார்த்தார்கள். இங்கே மழை பொய்த்தாலோ போர் வந்தாலோ விலை இறங்கும். துணி விலை இல்லை, ஆள் விலை. பஞ்சத்தில் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிடித்துவர உள்ளூர்த் தரகர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரன் மட்டும் வில்லன் என்று முடித்துவிட்டால் நமக்கு வசதிதான், ஆனா கதை அப்படி இல்லை.

1621க்கும் 1665க்கும் நடுவில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களில் இந்தக் கரையிலிருந்து போனவர்கள் 25,000 பேருக்குக் குறையாது. 1646ல் மட்டும் படேவியாவுக்கு 2,118 பேர். அந்த வருடமும் பஞ்சம்தான்.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராது. முகத்துவாரத்துக்கு வெளியே, கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டையானாலும் ஆளானாலும் அலையைத் தாண்டிப் படகில்தான் கொண்டுபோகணும். அந்த அலை யாருக்குத் தெரியும்? இந்தக் குப்பங்களின் படகோட்டிகளுக்குத்தான். துடுப்பு போட்டவனுக்கும் படகில் உட்கார்ந்திருந்தவனுக்கும் ஒரே மொழி. அந்தப் படகில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? எந்தத் திகில் நாவலிலும் எனக்கு இப்படி ஒரு காட்சி கிடைக்கவில்லை.

இதையெல்லாம் எழுதிவைத்தது யார்? கம்பெனியேதான். கணக்கில் அவர்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. கப்பல் பெயர், புறப்பட்ட தேதி, எத்தனை உருப்படி, வழியில் செத்தது எத்தனை. அந்தக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003ல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. நம்ம எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஏடுகள் உண்டு, ஆனா பெரும்பகுதி கொச்சிப் பக்கத்தது. பழவேற்காட்டுக் கணக்குக்கு நெதர்லாந்தின் ஹேக் நகருக்குத்தான் போகணும். பொட்டி தட்டுற எனக்குப் புரிகிற மாதிரி சொல்லணும்னா, லட்சக்கணக்கில் வரிசை இருக்கிற டேபிள், ஆனா "பெயர்" என்ற காலமே கிடையாது.

ஒரே ஒருத்தியின் பெயர் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று கிடைக்கிறது. கத்ரீன் வான் பலியகட்டா. "பலியகட்டா" என்று அவர்கள் எழுதியது பழவேற்காடுதான். 1631 வாக்கில் பிறந்தவள், படேவியாவில் அடிமை. 1656ல், அவளோடு பழகிய மலபார்க்கார அடிமை ஒருவன் அவளை அடித்தபோது திருப்பி அடித்தாள். அடிவயிற்றில் பட்டு அவன் செத்துப்போனான். மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை ஆயுளுக்கும் நாடுகடத்தல் என்று குறைத்து, ஆப்பிரிக்காவின் தெற்கு முனைக்கு அனுப்பினார்கள். 1657ல் கேப்டவுனில் இறங்கினாள். டச்சுக்காரர்கள் அங்கே குடியேறியே ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. துணி வெளுத்தாள். ஒரு சிப்பாய் மூலம் மகன் பிறந்தான், 1669ல் ஞானஸ்நானம். 1671ல் வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலையான ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஆயிரக்கணக்கானவர்களில் இவள் வாழ்க்கை மட்டும் இவ்வளவு தெரிவதற்கு ஒரே காரணம், கோர்ட் கேஸ். சும்மா உழைத்துச் செத்திருந்தால் இவளும் 2,118 மாதிரி ஏதோ ஒரு எண்ணுக்குள் போயிருப்பாள்.

மகன் கிறிஸ்டோபல் ஸ்னைமன், பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஒரு குடும்பத்துப் பெண்ணை மணந்தான். இன்றைக்கு தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்பது சாதாரணமாகக் கேட்கிற வெள்ளைக்காரக் குடும்பப் பெயர். வம்சாவளி தேடுகிறவர்கள் பின்னோக்கி வந்து வந்து, "வான் பலியகட்டா" என்ற இடத்தில் நிற்பார்கள். அதற்கு மேல் காகிதம் இல்லை. கத்ரீன் என்பதும் எஜமானர்கள் கூப்பிட்ட பெயர்தான். ஏரிக்கரையில் அவள் அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது எந்த ஏட்டிலும் கிடையாது.