பழைய சொகுசு எஸ்யுவியில் ஸ்பீக்கர் கரகரக்கிறதா? மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாடகரின் குரல் தெளிவாக இருக்கிறது. வயலினும் சரி. தவிலோ பேஸ் கிட்டாரோ வந்தவுடன்தான் கதவுப் பக்கத்திலிருந்து 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஒலியைக் குறைத்தால் நின்றுவிடும். கூட்டினால் திரும்பவும் வரும்.

10 வயதைத் தாண்டிய சொகுசு எஸ்யுவி உங்கள் வீட்டில் இருந்தால் இந்தச் சத்தம் உங்களுக்குப் பழகிப் போயிருக்கலாம். அப்பா ஓட்டிய கார் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கலாம். அல்லது சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட காரை நீங்களே வாங்கியிருக்கலாம். கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பழசு பாஸ், மொத்தமா மாத்திடலாம்."

மாற்றலாம்தான். ஆனால் நல்ல விலைக்குப் புது ஸ்பீக்கர் போட்ட பிறகு ஒலி முன்பைவிட மெலிந்துபோவதும் நடக்கிறது. ஏன் அப்படி என்று பார்ப்போம். உதாரணத்துக்கு, 2006 முதல் 2013 வரை தயாரான பிஎம்டபிள்யூ எக்ஸ்5 காரை (ஈ70 வகை) எடுத்துக்கொள்வோம். மற்ற ஐரோப்பிய சொகுசு எஸ்யுவிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஸ்பீக்கர் ஏன் கெட்டுப்போகிறது?

ஸ்பீக்கருக்குள் இருப்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு கூம்பு. கூம்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும். அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதன் விளிம்பில் இருக்கும் மெல்லிய வளையம். பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் அந்த வளையம் பாலியூரித்தேன் ஃபோமால் ஆனது.

ஃபோமுக்கு எதிரி ஈரப்பதம். காற்றில் உள்ள நீர், ஃபோமின் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. வெப்பம் அதை இன்னும் வேகமாக்கும். நம் ஊரில் இரண்டுக்குமே பஞ்சமில்லை. வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்திய காரின் கதவுக்குள் எவ்வளவு சூடாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதிகம் ஓடாத காரிலும் வளையம் விரலால் தொட்டாலே பொடியாக உதிர்வது இதனால்தான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எத்தனை ஆண்டு ஆனது என்பதுதான் இங்கே கணக்கு.

ரப்பர் வளையம் இதைவிட அதிக காலம் தாங்கும். புது ஸ்பீக்கர் வாங்கினால் விளிம்பு ரப்பரா என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எக்ஸ்5-இல் பேஸ் ஸ்பீக்கர்கள் கதவில் இல்லை, முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கின்றன. அங்கே வேறு வகை ஆபத்து. நனைந்த குடையை இருக்கைக்குக் கீழே போடுவது, கோப்பி கொட்டுவது, மேற்கூரைக் கண்ணாடியின் வடிகால் அடைத்து மழைநீர் கார்ப்பெட்டுக்குள் இறங்குவது எல்லாம் அந்த ஸ்பீக்கருக்குத்தான் போய்ச் சேரும்.

உண்மையிலேயே ஸ்பீக்கர்தான் குற்றவாளியா?

காசு செலவழிக்கும் முன் இதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டிலேயே முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கதவுப் பையைக் காலி செய்யுங்கள். சில்லறைக் காசும் பழைய கேஷ்கார்டும் போடும் ஆட்டத்துக்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லக்கூடாது. பிறகு பேஸ் அதிகமுள்ள பாடலை ஓடவிட்டு, கதவின் உள்பலகையைக் கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் தளர்ந்திருப்பது பலகையைப் பிடிக்கும் கிளிப். அதற்குச் சில வெள்ளிதான் ஆகும்.

அடுத்து, ஆடியோ அமைப்பில் ஒலியை ஒரு பக்கத்துக்கு மட்டும் திருப்பி, எந்த மூலையிலிருந்து சத்தம் வருகிறது என்று பாருங்கள். கதவுப் பலகையைக் கழற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், இடது வலது ஸ்பீக்கர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்துவது நல்ல சோதனை. கரகரப்பும் சேர்ந்து இடம் மாறினால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது. கரகரப்பு பழைய இடத்திலேயே இருந்தால் பிரச்சினை வயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ இருக்கிறது. அப்போது எத்தனை ஸ்பீக்கர் மாற்றினாலும் பயன் இல்லை.

கழற்றிய ஸ்பீக்கரின் கூம்பை விரல்களால் எல்லாப் பக்கமும் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் சுருள் காந்தத்தில் உரசுகிறது. உரசல் இல்லாமல் விளிம்பு மட்டும் கிழிந்திருந்தால், அந்த ஸ்பீக்கரைப் பிழைக்க வைக்கலாம். வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டும் வேலைக்கு ஆள் இருக்கிறார்கள், அதற்கான பாகங்களும் கிடைக்கின்றன. நிறையப் பேர் இந்த வழியை யோசிப்பதே இல்லை. கார் வெளிவந்த நாளில் எப்படி ஒலித்ததோ அப்படியே வேண்டும் என்றால், என் கணிப்பில் இதுதான் முதல் தேர்வு.

ஓம் கணக்கு: பலர் சறுக்கும் இடம்

ஸ்பீக்கரின் மின்தடையை ஓம் என்ற அளவில் சொல்வார்கள். கடையில் விற்கும் கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். ஆனால் சொகுசுக் கார்களில் நிறுவனமே பொருத்தியது 2 ஓமாக இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். ஒரே மாடலிலேயே எந்த ஆடியோ தொகுப்பு என்பதைப் பொறுத்து மாறும்.

ஏன் 2 ஓம்? கார் ஓடும்போது மின்கலத்தில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். சாதாரண கார் ரேடியோவில் உள்ள ஆம்ப் அந்த வோல்ட்டை வைத்துத்தான் வேலை செய்யும். அப்படியானால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் ஏறக்குறைய 25 வாட் வரைதான் சுத்தமாகக் கொடுக்க முடியும். பெட்டியில் '50 வாட் x 4' என்று எழுதியிருப்பது ஒரு கணத்துக்கு எட்டும் உச்சம். வோல்ட்டைக் கூட்டாமல் சக்தியைக் கூட்ட எளிய வழி மின்தடையைக் குறைப்பது. ஓம் பாதியானால் சக்தி இரட்டிப்பாகும். அதனால்தான் கார் நிறுவனங்கள் 2 ஓமுக்குப் போகின்றன.

இப்போது அந்த 2 ஓம் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, நல்ல பிராண்டு 4 ஓம் ஸ்பீக்கர் போடுகிறீர்கள். அதே ஆம்ப் இப்போது பாதி சக்தியைத்தான் தரும். காதுக்கு அது 3 டெசிபல் குறைவு. புது ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் எழுப்பும் என்ற அளவும் பழையதைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் மெலிந்துபோகும். 'இவ்வளவு காசு போட்டும் சத்தமே இல்லையே' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தலைகீழாகச் செய்தால் இன்னும் மோசம். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் போட்டால் ஆம்ப் இரட்டிப்பு மின்னோட்டம் கொடுக்க வேண்டிவரும். சூடேறும், தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், சில நேரம் எரிந்தே போகும்.

ஆகவே பழையதை அளந்து பார்த்த பிறகு புதியதை வாங்குங்கள். ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் போதும். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 2 ஓம் என்றால் 2-க்குச் சற்றுக் கீழே. எண்ணே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது.

இன்னொரு விஷயம். மேல்மட்ட ஆடியோ தொகுப்பு உள்ள கார்களில் பின்பக்கத்தில் தனி ஆம்ப் இருக்கும். அது எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலியை அனுப்பாது. அந்தந்த ஸ்பீக்கரின் குறைநிறைகளுக்கு ஏற்ப சில சுரங்களை ஏற்றியும் சிலவற்றை இறக்கியும் அனுப்பும். ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் அந்தத் திருத்தங்கள் புது ஸ்பீக்கருக்குப் பொருந்தாமல் போகலாம். பளிச்சென்று, காதைக் குத்துவது போல ஒலித்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

சிவப்பு ஒளி ஓடும் வயர்

ஈ70-இன் மேல்மட்டத் தொகுப்பில் திரைக்கும் ஆம்புக்கும் இடையே ஓடுவது செம்புக் கம்பி இல்லை, பிளாஸ்டிக் ஒளியிழை. மோஸ்ட் என்று அதற்குப் பெயர். இணைப்பைக் கழற்றினால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். கருவிகள் எல்லாம் வளையமாகக் கோத்திருப்பதால், ஒரு இடத்தில் அறுந்தால் முழு வளையமும் மௌனமாகிவிடும். பாட்டு மட்டுமல்ல, வழிகாட்டி, தொலைபேசி இணைப்பும் சேர்ந்தே போகலாம். இந்த இழையைச் சாதாரண வயர் போல மடக்கக்கூடாது. 2.5 சென்டிமீட்டரைவிடச் சிறிய ஆரத்தில் வளைத்தால் ஒளி கசிந்துவிடும். வெட்டி முறுக்கி டேப் சுற்றும் வேலை இங்கே செல்லாது.

கதவைத் திறக்கும் முன்

சத்தத்தைவிட முக்கியமான பகுதி இது.

இருக்கைக்கு அடியில் உள்ள ஸ்பீக்கரை எடுக்க இருக்கையை அவிழ்த்துச் சாய்க்க வேண்டும். அங்கே மஞ்சள் நிற இணைப்புகளைப் பார்ப்பீர்கள். அவை ஏர்பேக்குக்கும் இருக்கைவாரின் இறுக்கிக்கும் போகும் வயர்கள். காரின் மின்கலத்தைத் துண்டித்துச் சில நிமிடங்கள் காத்திருக்காமல் அவற்றைத் தொடக்கூடாது. மல்டிமீட்டரை அவற்றில் வைக்கவே கூடாது. இணைப்பு கழன்ற நிலையில் காரை இயக்கினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு கணினி வைத்துத்தான் அணைக்க முடியும்.

கதவிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பல ஐரோப்பியக் கார்களின் முன்கதவுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் உணர்கருவி உண்டு. பக்கவாட்டில் மோதல் நடந்தால் கதவு நசுங்கி உள்ளே அழுத்தம் திடீரென ஏறும். அதை வைத்துத்தான் கார் பக்கவாட்டு ஏர்பேக்கை விரிக்க முடிவெடுக்கிறது. பெரிய ஸ்பீக்கர் போடுவதற்காகக் கதவின் இரும்பில் ஓட்டை வெட்டினால், அல்லது உள்ளே ஒட்டியிருக்கும் தடுப்புத் தாளைக் கிழித்துவிட்டுப் போனால், கதவுக்குள் அழுத்தம் ஏறும் விதமே மாறக்கூடும். கதவை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று ஒரு கடை சொன்னால், வேறு கடை பாருங்கள்.

அந்தத் தடுப்புத் தாளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பதும் அதுதான். பசை காய்ந்த தாளை அப்படியே திரும்ப அழுத்தி விட்டால் ஒட்டாது, புதுப் பசை தேவை. அடுத்த பெருமழையில் கார்ப்பெட் நனைந்தால் அங்கே தேடுங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

இதற்கு ஸ்பீக்கர் விலைப் பட்டியலைப் பார்ப்பதைவிட சிஓஇ தேதியைப் பாருங்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த கார் என்றால், அந்தத் தவணை முடிந்ததும் மறுபடியும் புதுப்பிக்க முடியாது. 10 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் முடியும். புதுப்பித்த காருக்குப் பதிவுநீக்கத்தின்போது பார்ஃப் கழிவும் கிடையாது. 10 வயதைத் தாண்டியதால் சாலை வரியும் 10 விழுக்காடு கூடுதலாகத் தொடங்கி, படிப்படியாக 50 விழுக்காடு கூடுதல் வரை ஏறும். இவ்வளவு செலவுக்கு நடுவில், இரண்டு ஆண்டு மிச்சமுள்ள காருக்கு முழு ஆடியோ தொகுப்பு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வளையம் ஒட்டுங்கள், அல்லது அதே ஓம் அளவில் நேரடியாகப் பொருந்தும் ஸ்பீக்கரைப் போடுங்கள். அந்த மாடலுக்கென்றே செய்த, வயர் வெட்டாமல் செருகும் ஸ்பீக்கர்கள் சந்தையில் இருக்கின்றன. விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் கூலி குறையும்.

எட்டு ஒன்பது ஆண்டு மிச்சமிருந்தால் கதை வேறு. அப்போது தனி ஆம்ப்ளிஃபயரும், ஒலியைத் திருத்தும் டிஎஸ்பி கருவியும் சேர்த்துப் போடுவதில் அர்த்தம் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். காரை அணைத்த பிறகு ஆம்பும் அணைகிறதா? அணையாவிட்டால் மறுநாள் காலை கார் நிறுத்துமிடத்தில் மின்கலம் காலியாகியிருக்கும்.

திரையையே கழற்றிவிட்டுப் புது ரேடியோ போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இந்தத் தலைமுறைக் கார்களில் வேண்டாம். காரின் பல அமைப்புகளும் அந்தத் திரை வழியாகத்தான் இயங்குகின்றன.

காக்கி புக்கிட்டோ ஊபியோ ஜொகூர் பாருவோ, எங்கே கொடுத்தாலும் வேலை தொடங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பழைய ஸ்பீக்கரின் ஓம் எவ்வளவு? வயரை வெட்டுவீர்களா, அடாப்டர் போடுவீர்களா? தடுப்புத் தாளை எதை வைத்து ஒட்டுவீர்கள்? முதல் கேள்விக்கே "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்ற பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஜொகூரில் கூலி குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஏர்பேக் விளக்கு எரிந்தால் திரும்பவும் கடற்பாலம் தாண்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒருவர் மட்டும் பாடும் பாடலைப் போடுங்கள். குரல் முன்பக்க நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், பேஸும் வற்றிப்போயிருந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை, அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். எல்லாக் கண்ணாடிகளையும் ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றுங்கள். ஆழமான ஸ்பீக்கராக இருந்தால் அதன் காந்தத்தில் கண்ணாடி இடிக்கும்.

பழைய ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு வையுங்கள். வயர் வெட்டாமல் அடாப்டர் போட்டிருந்தால், சிஓஇ முடியும் நாளில் புதியதைக் கழற்றி அடுத்த காருக்கு எடுத்துக்கொண்டு, பழையதைத் திரும்ப மாட்டிக் காரை ஒப்படைக்கலாம்.