யந்திரத்தின் மூச்சு

சரித்திரம் என்றவுடன் நம் மனம் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் நோக்கி ஓடுகிறது. ஆனால் நாள்தோறும் நாம் கையாளும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை அறியாதவன் அப்பொருளைப் பழுது பார்க்க முற்பட்டால் என்ன நேரும் என்பதை என் சொந்த அநுபவத்தால் கற்றேன். அந்தக் கதையை, குறிப்பாக மாணவ மாணவியராகிய உங்களுக்கு, இன்று சொல்ல விரும்புகிறேன்.

திருச்சுழியைத் தாண்டி மானாமதுரைக்குச் செல்லும் வழியில் உள்ளது நரிக்குடி. முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, 1985-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் மிளகாயும் பருத்தியும் கம்புமே கதி. எஞ்சிய நிலமெல்லாம் சீமைக் கருவேல மரங்கள். கோடையில் ஒரு வண்டி போனால், அது கண்ணுக்கு மறைந்த பின்னும் அதன் புழுதி அடங்காது.

அவ்வூரில் என் சித்தப்பா கால்நடை ஆய்வாளராகப் பணிபுரிந்து வந்தார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் மாடு நோயுற்றாலும் ஆடு நோயுற்றாலும் அவரைத்தான் அழைப்பார்கள். மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் அவர் புறப்படுவார். அதன் ஓசை வருமுன்னே, ‘மாட்டு வைத்தியர் வருகிறார்’ என்று சிறுவர்கள் கூவுவார்கள்.

அந்த வண்டியின் வரலாற்றைச் சிறிது கேளுங்கள். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. ‘புல்லட்’ என்ற பெயர் 1930-களில் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், எல்லைப்புற மலைப்பாதைகளில் ஓடக்கூடிய வண்டியை நம் ராணுவம் தேடியபோது புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதன் பயனாக 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை அமைத்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உறுப்புகளை வரவழைத்துப் பூட்டினார்கள்; பிறகு அனைத்தையும் இங்கேயே செய்தார்கள். 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. தாய்நாட்டில் மறைந்துவிட்ட யந்திரம், சில மாறுதல்களோடு, தமிழ்நாட்டில் நெடுங்காலம் உயிர் வாழ்ந்தது.

1986-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. நான் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். யந்திரங்களைப் பற்றி இரண்டு புத்தகங்கள் படித்திருந்தேன். அதனால் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். சித்தப்பாவின் வண்டியோ எண்ணெயைக் கக்கிக்கொண்டிருந்தது. யந்திரத்தின் மூட்டுகளிலெல்லாம் கசிவு. பின்சக்கரத்தின் அருகே முடியும் ஒரு ரப்பர்க் குழாயிலிருந்து எண்ணெய் சொட்டிச் சங்கிலியையும் டயரையும் நனைத்தது. காலைதோறும் அளவுகோலை எடுத்துப் பார்ப்பேன். எண்ணெய் அடிக்கோட்டில் நிற்கும். உடனே கால் லிட்டர் ஊற்றுவேன்.

“சித்தப்பா, ரிங் தேய்ந்து போயிற்று. வெடிக்கும் வாயு பிஸ்டனைக் கடந்து கீழே இறங்கி எண்ணெயை வெளியே தள்ளுகிறது” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். வெளியூர்ப் பட்டறை ஒன்றிலும் அதையே சொன்னார்கள். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிப் புதுப் பிஸ்டன் போட வேண்டும் என்றார்கள். அதற்குப் பணம்? சித்தியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

நான் கூறிய காரணம் முற்றிலும் பொய்யன்று. அதற்கு நீண்ட பின்னணி உண்டு. நீராவி யந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டை முதலில் வாட்டி வதைத்தது இதே பிரச்சினைதான். அக்காலத்து உருளைகள் சரியான வட்டமாக அமையவில்லை. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே நீராவி ஓடிப்போகாமல் தடுக்கத் தக்கை, எண்ணெய்த் துணி, காகிதம், பழைய தொப்பி என்று கிடைத்ததையெல்லாம் அவர் அடைத்துப் பார்த்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பீரங்கி குடைவதற்காக ஜான் வில்கின்சன் 1774-இல் கண்ட முறையிலிருந்து வளர்ந்த குடையும் யந்திரமே அவருக்கு வழி திறந்தது. ஐம்பது அங்குல விட்டமுள்ள உருளையில்கூட ஒரு பழைய ஷில்லிங் காசின் கனத்துக்கு மேல் பிழையில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் வியந்து எழுதினார். ஒரு காசின் கனம் அன்று அதிசயம்! பிறகு 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில் பொறியாளர், பிளவுள்ள உலோக வளையம் தன் விறைப்பினாலேயே விரிந்து சுவரைத் தழுவும்படி செய்தார். இன்று உங்கள் ஊர் மெக்கானிக் ‘ரிங்’ என்று சொல்வது அதன் வழித்தோன்றலே.

ஆயினும் அந்த வளையத்தின் பிளவை முற்றிலும் மூட முடியாது. சூட்டில் உலோகம் விரிவதற்கு இடம் வேண்டும் அல்லவா? எனவே புத்தம் புது யந்திரத்திலும் சிறிது வாயு கீழே இறங்கியே தீரும். அது கீழே உள்ள கிராங்க் அறையில் சேரும். இது ஒன்று. மற்றொன்றையும் கவனியுங்கள். புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டம் உடையது. பிஸ்டன் 90 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஓடுகிறது. பெருக்கிப் பார்த்தால் 346 கன சென்டிமீட்டர். பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு காற்று அடியில் நெருக்கப்படுகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால், விநாடிக்கு ஐம்பது முறை! அந்த நெருக்கத்தைத் தணிக்க யந்திரத்துக்கு ஒரு மூக்கு வேண்டும். அதற்குப் ‘பிரீதர்’ என்று பெயர். காற்றை வெளியே விட்டு, உள்ளே வராமல் தடுக்கும் ஒரு வழிக் கதவு அதில் உண்டு. சித்தப்பாவின் வண்டியில் அது வாத்தின் அலகைப் போன்ற ஒரு ரப்பர்த் துண்டு. அந்த மூக்கை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சிலிண்டர் குடைந்து வந்த மூன்றாம் வாரத்தில் மீண்டும் எண்ணெய் கசிந்தது. ஒருநாள் இரவு, ஈன முடியாமல் தவித்த பசு ஒன்றைப் பார்க்கச் சித்தப்பா புறப்பட்டார். கண்மாய்க் கரை வளைவில் எண்ணெய் நனைந்த பின்சக்கரம் வழுக்கியது. கையில் காயத்துடன் அவர் நடந்து போய்ச் சேர நேரமாகிவிட்டது. கன்று பிழைத்தது, பசு பிழைக்கவில்லை. அது ஒரு கைம்பெண்ணின் ஒரே கறவை. அவள் யாரையும் ஏசவில்லை. நான் மட்டும் அன்று இரவு உறங்கவில்லை.

மறுநாள் சித்தப்பா, ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முதியவரிடம் புல்லட்டைத் தள்ளிச் சென்றார். அவர் வீட்டு வாசலில் வேப்பமரம். அதுவே அவர் பட்டறை. “அண்ணாச்சி, இதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்” என்றார் சித்தப்பா. முதியவர் ஸ்பானரைத் தொடவில்லை. என்னைப் பார்த்து வினாக்களைத் தொடுத்தார்.

“தம்பி, புகை எப்போது வருகிறது? வேகமாக முடுக்கும்போதா, முடுக்கை விட்டபின் இறக்கத்தில் ஓடும்போதா?”

“புகையே அதிகம் இல்லை, ஐயா.”

“குடைவதற்கு முன்?”

நான் யோசித்தேன். “அப்போதும் அதிகம் இல்லை.”

“உதை கட்டையின்மேல் ஏறி நின்று அழுத்தம் பார்த்தாயா? சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் பார்த்தாயா? எண்ணெய் விட்டபின் அழுத்தம் கூடினால் ரிங்கின் குற்றம். கூடாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும்.”

“பார்க்கவில்லை, ஐயா.”

“குடையாத சிலிண்டரை இனி யாராலும் சோதிக்க முடியாது. சாட்சியை அழித்துவிட்டு விசாரணைக்கு வந்திருக்கிறாய், தம்பி.”

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

பிறகு அவர் சோதனையைத் தொடங்கினார். உதை கட்டையின்மேல் ஏறி நின்றார். அது நன்றாகத் தாங்கியது. எனவே இப்போது ரிங்கில் குற்றமில்லை. அளவுகோலை எடுத்தார், எண்ணெய் அடிக்கோட்டில் இருந்தது. ஊற்றப் போன என் கையைத் தடுத்தார். வண்டியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, மீண்டும் அளந்தார். என்ன விந்தை! ஒரு சொட்டும் ஊற்றாமலேயே எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நின்றது.

காரணம் இதுதான். புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி கிராங்க் அறையை ஒட்டியே அமைந்துள்ளது. ஒரு பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்துத் தருகிறது. மற்றொன்று திரும்பக் கொண்டு சேர்க்கிறது. பம்பு தேய்ந்திருந்தால், இரவெல்லாம் வண்டி நிற்கும்போது தொட்டி எண்ணெய் மெல்லக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். காலையில் அளந்தால் குறைவாகத் தோன்றும். நான் மேலும் ஊற்றினேன். வண்டி ஓடியதும் இறங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பியது. இடம் போதாமல் மறுபடி உள்ளே வழிந்தது. மிகுந்த எண்ணெயைப் பிரீதர் கக்கியது. மறுநாள் நான் மறுபடியும் ஊற்றினேன். நோயை வளர்த்தவன் வைத்தியனாகிய நானே!

அடுத்து அந்த ரப்பர்க் குழாயைக் கழற்றினார். அதன் நுனியில் எண்ணெயும் புழுதியும் குழைந்து களிபோல் அடைத்திருந்தன. வாத்தலகு ரப்பர் இறுகிப் பலகையாகிவிட்டது. மூக்கு அடைபட்டதால் உள்ளே அழுத்தம் பெருகி, மூட்டுகள் வழியாக எண்ணெய் பிதுங்கியது. புது ரப்பரும் குழாயும் அற்ப விலைக்குக் கிடைத்தன. பம்பின் முகங்களைக் கண்ணாடித் தகட்டின்மேல் பதமாகத் தேய்த்துச் சமன் செய்து பூட்டினார். எண்ணெயை இரு கோடுகளுக்கும் நடுவில் நிறுத்தினார். கசிவு நின்றது. சித்தியின் சங்கிலி மீண்டது அடுத்த ஆண்டு மிளகாய் விற்ற பிறகுதான்.

யந்திரத்தின் இந்த மூச்சைப் பற்றி உலகமும் தாமதமாகவே சிந்தித்தது. மோட்டார் வண்டிகளின் கிராங்க் அறையிலிருந்து வெளிவரும் வாயுவைப் பல்லாண்டுகள் காற்றில் கலக்க விட்டார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் புகைமூட்டத்தை ஆராய்ந்தபோது, எரியாத எரிபொருளில் ஒரு பகுதி அவ்வழியாகவே வருகிறது என்பது தெரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே புதிய கார்களில் அந்த வாயுவை மீண்டும் யந்திரத்துக்குள்ளேயே செலுத்தி எரிக்கும் அமைப்பு வந்தது. எல்லோரும் புகைபோக்கியை நோக்கிக்கொண்டிருக்க, மூக்கை யாரும் நெடுங்காலம் நோக்கவில்லை.

மாணவ நண்பர்களே! என் தவறு அறியாமையால் மட்டும் வந்ததன்று. பிஸ்டன், ரிங் ஆகியவற்றைப் பற்றி நான் அறிந்தது உண்மையே. ஆனால் எனக்குத் தெரிந்த காரணமே அந்த வண்டியின் காரணம் என்று முடிவு செய்தேன். செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். மாற்றினால் திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கடைசியில் தொடுங்கள். ஒரு முடிவுக்கு வருமுன், அந்தக் குறையில் உங்கள் கைக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஓலையை ஆராயும் சரித்திர ஆசிரியருக்கும், நாடி பார்க்கும் மருத்துவருக்கும், வேப்பமரத்தடி மெக்கானிக்குக்கும் இந்த விதி ஒன்றே.

அந்த முதியவர் கூலியாக எதுவும் கேட்கவில்லை. “இனி காலையில் அளக்காதே, தம்பி, ஓட்டி நிறுத்திய பிறகு அள” என்று மட்டும் சொன்னார். நானும் அன்றுமுதல் அப்படியே செய்து வருகிறேன்.