ஃபான்கோனி ரத்தசோகையும் ரத்த ஸ்டெம் செல் மாற்றும்

ஃபான்கோனி ரத்தசோகை பரம்பரையாக வரும் அரிய நோய். டி.என்.ஏ.வின் இரு இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து சிக்கிக்கொண்டால் அதைப் பிரித்துச் சீர்செய்யும் புரதங்களில் ஒன்று இந்நோயாளிகளிடம் பழுதாக இருக்கும். அதனால் குரோமோசோம்கள் எளிதில் முறிகின்றன. எலும்பு மஜ்ஜையும், பெரும்பாலும் பள்ளி வயதிலேயே, ரத்த அணுக்களை உண்டாக்கும் ஆற்றலை இழக்கிறது. பெரும்பாலான குடும்பங்களில் தாய், தந்தை இருவருமே நோயின்றி மரபணுக் குறையைச் சுமப்பவர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவினர் இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் இந்நோய் கூடுதலாகத் தென்படுகிறது.

1927இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கிடோ ஃபான்கோனி, ஒரே வீட்டுச் சகோதரர் மூவரிடம் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். முறிந்த குரோமோசோம்களை நுண்ணோக்கியில் கண்டறிய 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிராட் ஷ்ரோடரும் உடன் பணியாற்றியோரும் அதைப் பதிவுசெய்தனர். பின்னர் நியூயார்க்கில் ஆர்லீன் ஆவர்பாக், நோயாளியின் ரத்தச் செல்களில் டைஎபாக்ஸிபியூட்டேன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து முறிவுகளை எண்ணும் சோதனையை உருவாக்கினார். இன்றும் நோயை உறுதிசெய்ய இச்சோதனை பயன்படுகிறது.

கொடையாளரின் ரத்த ஸ்டெம் செல்களைச் செலுத்தும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வந்தபோது இக்குழந்தைகளுக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் அதன் தொடக்கம் கொடுமையானது. மாற்றுக்கு முன் நோயாளியின் மஜ்ஜையை ஒடுக்க சைக்ளோபாஸ்பமைடு கொடுப்பார்கள். சாதாரண மஜ்ஜைச் செயலிழப்பில் கொடுக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம். மற்றவர்கள் தாங்கிய அந்த அளவில் ஃபான்கோனி குழந்தைகளுக்கு வாய் முழுக்கப் புண்ணானது, சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்தது, இதயம் தளர்ந்தது. மருந்து டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்தே செல்களைக் கொல்கிறது. அந்தப் பிணைப்பை அவிழ்க்கும் திறன்தான் இவர்களிடம் இல்லை.

பாரிஸின் சேன்-லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் குழு இதை உணர்ந்து அளவைப் பத்தில் ஒரு பங்காக, 20 மில்லிகிராமாக, குறைத்தது. மஜ்ஜையை ஒடுக்க மருந்தோடு கொடுக்கும் கதிர்வீச்சை எவ்வளவு தாங்குவார்கள் என்பதை நோயாளிகளின் தோலிலேயே சோதித்துப் பார்த்து, அதையும் 5 கிரே அளவோடு நிறுத்தினார்கள். இந்நோயின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இந்த அளவுக் குறைப்பே எனலாம். உயிர் பிழைத்தோர் எண்ணிக்கை அதன் பிறகே உயர்ந்தது.

அதே மருத்துவமனையில் 1988 அக்டோபரில் உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று நடந்தது. நோயாளி, அமெரிக்காவிலிருந்து வந்த 5 வயதுச் சிறுவன். தாயின் வயிற்றிலிருந்த தங்கைக்கு நோயில்லை என்பதை ஆவர்பாக்கின் சோதனை முன்கூட்டியே சொன்னது, திசுவும் பொருந்தியது. குழந்தை பிறந்ததும் வழக்கமாக வீசியெறியப்படும் கொடியிலிருந்து, அதே ஸ்டெம் செல்கள் உள்ள ரத்தத்தை எடுத்து, இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மேயர் ஆய்வகத்தில் உறையவைத்துப் பாரிஸுக்குக் கொண்டுவந்தனர். ரத்த உற்பத்தி மீண்டது. 25 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் நலமாக வாழ்ந்தார். உலகெங்கும் தொப்புள்கொடி ரத்த வங்கிகள் தோன்ற இந்தச் சிகிச்சை வழிவகுத்தது.

1990களின் இறுதியில், மாற்றுக்கு முன் கொடுக்கும் மருந்துகளோடு ஃபுளூடராபைனும் சேர்ந்தபின், உறவினரல்லாத கொடையாளரின் செல்களும் நன்கு ஒட்டத் தொடங்கின. இந்நோய்க்குக் காரணமான மரபணுக்கள் 1992 முதல் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டு, இன்று 20க்கும் மேற்பட்டவை தெரிந்துள்ளன. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ2 அவற்றில் ஒன்று.

மாற்றுக்குப் பின் அதே முறிவுச் சோதனையை ரத்தத்தில் செய்தால் இயல்பான முடிவே வரும். அந்த ரத்தம் கொடையாளருடையது. தோல் செல்களில் செய்தால் பழைய முறிவுகள் அப்படியே இருக்கும். மீண்டது ரத்தம் மட்டும்தான். வாய், தொண்டை, உணவுக்குழல், பெண்களுக்குப் பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இளம் வயதிலேயே புற்றுநோய் வரும் ஆபத்து தொடர்கிறது. கொடைச் செல்கள் உடலைத் தாக்கும் எதிர்வினை நாள்பட்டு நீடித்தால் அந்த ஆபத்து மேலும் கூடும். அப்படி வரும் புற்றுக்கும் வழக்கமான அளவில் கீமோவோ கதிர்வீச்சோ கொடுக்க முடியாது. அறுவை சிகிச்சையையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. எனவே ரத்த எண்ணிக்கை சரியான பிறகும் ஆயுள் முழுவதும் வாயையும் தொண்டையையும் குறித்த இடைவெளியில் பரிசோதித்து வருகிறார்கள்.