ஏப்ரல் கடைசி வாரத்துப் புனிதர்கள்

ஐரோப்பாவில் மரங்கள் துளிர்த்து நிற்கும் ஏப்ரல் கடைசி வாரத்தில், கத்தோலிக்கத் திருநாட்காட்டியில் மூன்று பெரிய பெயர்கள் வருகின்றன. 23ஆம் திகதி புனித ஜோர்ஜ், 25ஆம் திகதி நற்செய்தியாளர் மாற்கு, 29ஆம் திகதி சியென்னா நகரத்துக் கத்தரீன். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் கதைகளில் எது வரலாறு, எது மரபு என்று பிரித்துச் சொல்ல இந்தக் குறிப்பு உதவலாம்.

ஜோர்ஜ் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சமே. பாலஸ்தீனத்து லித்தா நகரில் வணங்கப்பட்ட மறைசாட்சி அவர். உரோமைப் படைவீரராக இருந்து 303ஆம் ஆண்டளவில் கொல்லப்பட்டார் என்பது மரபு. பறவைநாகத்தைக் கொன்ற கதை பல நூற்றாண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் பாதுகாவலராகக் கொண்டாடப்படும் இவர் அந்த மண்ணில் கால் வைத்ததாக நம்ப ஆதாரமே இல்லை! பார்சலோனாவில் அன்றைக்கு ரோஜாவும் புத்தகமும் பரிசாகக் கொடுப்பார்கள். கேரளத்தின் எடத்துவாவில் மே 7இல் நடக்கும் இவருடைய பெருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் திரளாகப் போகிறார்கள்.

மாற்குவின் கதை வேறு மாதிரியானது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் திருச்சபையை நிறுவி அங்கேயே உயிர்கொடுத்தார் என்று கொப்டிக் கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். அவருடைய எலும்புகளை 828ஆம் ஆண்டில் வெனிஸ் வணிகர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். முஸ்லிம் சுங்க அதிகாரிகள் தொடாமல் இருப்பதற்காகக் கூடையின் மேலே பன்றி இறைச்சியைப் பரப்பினார்களாம். வெனிஸ்காரர் இதை மறைக்கவில்லை. தங்கள் பேராலயத்தின் மொசைக் ஓவியங்களிலேயே பெருமையாகப் பதித்திருக்கிறார்கள். மாற்குவின் அடையாளமான சிறகுள்ள சிங்கம் அந்த நகரத்தின் சின்னமாயிற்று. ஏப்ரல் 25இல் அங்கே ஆண்கள் தங்கள் அன்புக்குரியவளுக்கு ஒரு சிவப்பு ரோஜா மொட்டுக் கொடுக்கும் வழக்கமும் உண்டு.

எகிப்தியருக்கு அது இழப்புத்தான். 1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தத் திருப்பண்டங்களில் ஒரு பகுதியைக் கொப்டிக் திருச்சபையிடம் திருப்பிக் கொடுத்தார். கெய்ரோவில் புதிதாக எழுந்த மாற்கு பேராலயத்தில் அவை வைக்கப்பட்டன. 1140 ஆண்டுகள் கழித்து, முழுமையாக இல்லாவிட்டாலும், வீடு திரும்பினார். கொப்டிக் மக்கள் அவருடைய மறைசாட்சியத்தை மே 8இல் நினைவுகூருகிறார்கள்.

கத்தரீன் 1347இல் சாயமிடும் தொழிலாளி ஒருவரின் வீட்டில், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்தவர். துறவற மடத்துக்குள் போகாமல், தொமினிக்கன் பொதுநிலைச் சபையில் சேர்ந்து, நோயாளிகளைப் பராமரித்தார். அவருடைய கடிதங்களில் பெரும்பாலானவை அவர் சொல்லச்சொல்ல மற்றவர்கள் எழுதியவை. அவற்றில் அரசர்களுக்கும் திருத்தந்தைக்கும் புத்தி சொல்கிற தொனியைப் பார்த்தால் வியப்புத்தான் வரும். அப்போது திருத்தந்தையர் பிரான்சின் அவிஞ்ஞோனில் இருந்தார்கள். 1376இல் கத்தரீன் அங்கேயே போய், பதினோராம் கிரகோரியை உரோமைக்குத் திரும்பும்படி வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு தை மாதம் அவர் திரும்பினார். வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அந்தப் பெண்ணின் பங்கு சிறியதல்ல. 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார்.

33ஆவது வயதில் உரோமையிலேயே இறந்தார். உடலை உரோமை விடவில்லை. தலை மட்டும் சியென்னாவுக்குப் போயிற்று. அங்கே தொமினிக்கு ஆலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.