வெண்கலத்தில் அறிஞர் முகம்: சிலை சேகரிப்பு உணர்த்தும் வரலாறு

வெண்கலச் சிலை என்றதும் தமிழராகிய நம் மனக்கண்முன் தோன்றுவது கோயில் திருமேனியே. மெழுகில் உருவம் அமைத்து, அதன்மேல் மண் பூசிச் சூடேற்றி, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது நம் சிற்பியர் மரபு. வார்ப்பு முடிந்ததும் மண் அச்சு உடைக்கப்படும். ஆதலின் ஓர் அச்சுக்கு ஒரு திருமேனியே உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சு வேறொரு நெறியையும் வளர்த்தது. தவீத் தாஞ்சே (1788–1856) என்னும் சிற்பி தம் காலத்துச் சான்றோர் ஏறத்தாழ 500 பேரின் முகங்களைப் புடைப்புருவப் பதக்கங்களாக வடித்தார். விலங்கியலறிஞர் கூவியே, மின்னியலறிஞர் ஆம்பியர், வானியலறிஞர் அராகோ ஆகியோரும் அவற்றுள் இடம்பெற்றனர். பெருஞ்சிலைகளை அளவு பிசகாமல் சிறிதாக்கும் பொறியை அஷீல் கொலா உருவாக்கினார். அவருடன் கூட்டுச் சேர்ந்து பெர்தினான் பார்பெதியேன் 1838இல் தொழில் தொடங்கினார். மணல் அச்சு முறையில் ஒரே உருவம் பலமுறை வார்க்கப்பட்டது. பொது வெளியில் நின்ற சிற்பம் வீட்டு மேசைக்கும் வந்தது. இன்று பழம்பொருள் சேகரிப்போர் நாடுவன இத்தகைய வெண்கலங்களையே.

இவற்றின் அருமையை இரண்டாம் உலகப் போர் உணர்த்தியது. 1941 அக்டோபர் 11இல் விஷி அரசு பொது இடங்களிலிருந்த உலோகச் சிலைகளை அகற்ற ஆணையிட்டது. பாரிசில் 1893இல் நிறுவப்பட்ட அராகோ சிலையும் உலைக்குச் சென்றது. பீடம் மட்டுமே எஞ்சியது. 1994இல் அவர் பெயர் பொறித்த 135 வெண்கல வட்டுகள் பாரிசின் நிரைகோட்டு நெடுகப் பதிக்கப்பட்டன. பெருஞ்சிலை அழிந்தும் அராகோவின் முகம் அழியவில்லை. தாஞ்சேயின் பதக்கங்கள் பலரிடம் பரவியிருந்தன.

ஆயினும் படிகள் அனைத்தும் ஒரு தரத்தன அல்ல. வெண்கலம் குளிரும்போது சுருங்கும். வார்த்த சிலையையே மாதிரியாகக் கொண்டு மீண்டும் வார்த்தால், புதியது சற்றே சிறுத்து, நுண்கோடுகளும் மழுங்கும். எனவே தேர்ந்த சேகரிப்பாளர் சிற்பியின் ஒப்பத்தையும் வார்ப்பகக் குறியையும் காண்பதோடு நில்லாமல் அளவையும் ஒப்பிடுவர். ஏட்டைப் பெயர்த்தெழுதுகையில் பிழை பெருகும் என்பதறிந்து, பல சுவடிகளை ஒப்புநோக்கிய உ. வே. சாமிநாதையரின் பதிப்பு நெறியும் இத்தகையதே.

இவ்வரலாறு நம் பகுதிக்கும் உரியது. 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளார் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 1968இல் சென்னையில் இரண்டாம் மாநாடு கூடியபோது, மெரினாவில் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் முதலியோர் சிலைகள் எழுந்தன. சிலை வைத்தல் நன்றே. எனினும் ஓரிடத்து நிற்கும் ஒரு சிலையை மட்டும் நம்பி நினைவை ஒப்படைத்தல் போதாது என்பதைப் பாரிசின் வெற்றுப் பீடம் காட்டுகின்றது.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டார இல்லங்களில் பழைய மாநாட்டு மலர்களும், பள்ளி விழாப் படங்களும், ஆசிரியர் பெற்ற பதக்கங்களும் இருக்கக்கூடும். மாணவர்கள் அவற்றைத் தேடிக் காணட்டும். ஆண்டையும் பெயரையும் உரியவரிடமே கேட்டுக் குறிக்கட்டும். ஆசிரியர்கள் மூலத்திலிருந்தே படியெடுத்துப் பள்ளியில் ஒன்றும், நூலகத்தில் ஒன்றும், உரியவர் வீட்டில் ஒன்றுமாக வைக்கச் செய்யலாம். நம் அறிஞர்களின் நினைவு சுருங்காமலும் மழுங்காமலும் அடுத்த தலைமுறைக்குச் சேர இதுவே எளிய வழி.