கவசம் யாருக்காக?

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் கடலோரமாக ஒரு பழைய கோட்டை நிற்கிறது. டச்சுக்காரர்கள் கட்டியது. செங்கல் மதிலும், தானியக் கிடங்கும், சித்திர வேலைப்பாடு மிக்க சில கல்லறைகளும் எஞ்சியுள்ளன. மெல்லிய துணிக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் நெசவை வாங்கிக் கடல் கடத்தவே அவர்கள் வந்தார்கள். சென்ற ஆண்டு மதரஸா மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். மதிலின் கனத்தைக் கையால் அளந்து பார்த்த சிறுவன் ஒருவன், "ஹஜ்ரத், இவ்வளவு பெரிய சுவர் ஊரைக் காப்பாற்றவா, ஊரிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவா?" என்று கேட்டான்.

அன்று நான் அவனுக்கு விடை கூறவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அயலார் ஆண்ட நாடுகளில் நிறுத்திவைத்த ஒவ்வொரு படையையும் நோக்கி அதையே கேட்கலாம் என்று தோன்றிற்று. அதற்குச் சரித்திரம் தெளிவாக விடை கூறிய இடம் மலாயா. காலம் 1941 டிசம்பர் முதல் 1942 பிப்ரவரி வரை.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குத் தாவுவது பொருந்தாது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. 1824 மார்ச் 17இல் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட ஒரே உடன்படிக்கையில்தான் இவ்விரு நிலங்களின் விதியும் எழுதப்பெற்றது. சதுரங்கப்பட்டினம் முதலிய இந்தியத் தளங்களையும் மலாக்காவையும் டச்சுக்காரர் கைவிட்டனர். சிங்கப்பூர் ஆங்கிலேயருடையது என்பதையும் ஏற்றனர். சுமத்ராவின் பெங்கூலனை ஆங்கிலேயர் அவர்களுக்குக் கொடுத்தனர். இவ்வூராரையும் அவ்வூராரையும் எவரும் கேட்கவில்லை.

பெயரும் பொருளும்

இன்று நாம் டாங்கி என்றழைக்கும் போர் ஊர்தியை அரபியர் 'தப்பாபா' என்பர். 'ஊர்ந்து செல்வது' என்பது அதன் பொருள். மரத்தாலும் தோலாலும் கூரை அமைத்து, அதன் கீழ் வீரர்கள் பதுங்கிக் கோட்டை மதிலை அணுகும் பழைய கருவிக்கு அப்பெயர் வழங்கியது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் நடந்த தாயிஃப் முற்றுகையில் அக்கருவி பயன்பட்டதைச் சீரா நூல்கள் கூறுகின்றன. ஆங்கிலேயர் தம் புதிய ஊர்தியின் இரகசியத்தை மறைப்பதற்காகத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் சொல்லால் அதை அழைத்தனர். 1916 செப்டம்பர் 15இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கிற்று.

எதிரியின் மதிலை நோக்கி ஊர்ந்து செல்வதற்கே கவசம் என்பது பழையவர் கருத்து. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் அது எந்தப் பக்கம் ஊர்ந்தது என்பதை இனிக் காண்போம்.

கடைத்தெருவுக்கு வந்த கவசம்

1919 ஏப்ரல் 13இல் ஜெனரல் டயர் அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக் திடலுக்குச் சிப்பாய்களுடன் இரண்டு கவச மோட்டார்களையும் கொண்டு சென்றார். திடலின் வாயில் குறுகலாக இருந்ததால் அவை உள்ளே நுழையவில்லை. நுழைந்திருந்தால் அவற்றின் இயந்திரத் துப்பாக்கிகளையும் அநேகமாகப் பயன்படுத்தியிருப்பேன் என்று விசாரணைக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். அரசாங்கத்தின் கணக்கிலேயே 379 பேர் மடிந்தனர்.

1920களில் இந்தியாவுக்கென்றே கிராஸ்லி என்னும் கவச மோட்டார்களைச் செய்வித்தனர். வெயிலின் வெப்பம் உள்ளே தாக்காதிருக்கக் கல்நார் உறை பொருத்தினர். இன்னோர் ஏற்பாடும் இருந்தது: கூட்டம் நெருங்காதிருக்க வண்டியின் உடலில் மின்சாரம் பாய்ச்ச முடியும். இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். டாங்கிகளோடு வரும் அந்நியப் படைக்கு எதிரே இந்த மின்சாரத்தால் என்ன பயன்? வெறுங்கையோடு தெருவில் நிற்கும் மனிதனை மனத்தில் வைத்துச் செய்த வண்டி அது.

1930 ஏப்ரல் 23இல் பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில், கான் அப்துல் கஃபார் கான் கைது செய்யப்பட்டதை எதிர்த்துக் கூடிய மக்கள் மீது கவச மோட்டார்களை ஓட்டினர். சிலர் சக்கரங்களின் கீழ் நசுங்கினர். அவ்வேளையில் கட்வால் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த சிப்பாய்கள், சந்திர சிங் என்பாரின் தலைமையில், ஆயுதமற்ற மக்களைச் சுட மறுத்துத் தண்டனை பெற்றனர். அப்பட்டாளத்தை நினைவில் வையுங்கள், மீண்டும் சந்திப்போம்.

படைச் செலவின் பெரும்பகுதி இந்திய மக்களின் வரிப்பணம். எனினும் 1857க்குப் பின், மலைப் பீரங்கிகள் நீங்கலாக, பீரங்கிப் படையை இந்தியர் கையில் கொடுக்க ஆட்சியாளர் துணியவில்லை. இந்தியரைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் படை பெங்களூரில் அமைந்தது 1935 ஜனவரியில்தான். குதிரைப் படைகளில் முதல் இரண்டு குதிரையை விட்டு மோட்டாருக்கு மாறியது 1938இல். உலகப் போருக்கு அப்போது ஓராண்டே மீதமிருந்தது.

மலாயாவின் வெறுங்கை

ரப்பரும் வெள்ளீயமும் ஈந்து பிரிட்டனுக்குச் செல்வம் குவித்த நாடு மலாயா. அதைக் காக்க நின்ற தரைப்படையில் பெரும்பகுதி இந்தியர்: பஞ்சாபி முஸ்லிம்கள், சீக்கியர், டோக்ராக்கள், கட்வாலிகள், மற்றும் கூர்க்கர். 1941 ஆகஸ்டில் படைத்தலைவர் பெர்சிவல், 48 காலாட்படைப் பட்டாளங்களும் இரண்டு டாங்கி ரெஜிமெண்டுகளும் வேண்டும் என்று லண்டனுக்கு எழுதினார். போர் தொடங்கிய நாளில் மலாயாவில் பிரிட்டிஷ் டாங்கி ஒன்றுகூட இல்லை.

இருந்தவை எவை? ஸ்காட்லாந்துப் பட்டாளம் ஒன்றிடமும் தொண்டர் படையிடமும் லான்செஸ்டர் எனும் ஆறு சக்கரக் கவச மோட்டார்கள் சில. பத்தாண்டுக்கு மேல் பழையவை. தென்னாப்பிரிக்காவில் செய்த மார்மன்-ஹெரிங்டன் மோட்டார்கள் சில. மேல்மூடியற்ற பிரென் கேரியர் வண்டிகள். இந்தியாவிலிருந்து வந்த மூன்றாம் குதிரைப்படை, குதிரையை விட்டு வெகுகாலம் ஆகாத நிலையில், போதிய கவச ஊர்திகளும் பயிற்சியும் இன்றி இறங்கிற்று.

நியாயம் தவறாமல் இதையும் கூற வேண்டும். பிரிட்டன் அப்போது ஹிட்லருடன் உயிர்ப் போராட்டத்தில் இருந்தது. எகிப்துப் பாலைவனத்துக்கு டாங்கிகள் தேவைப்பட்டன. 1941 ஜூனில் ரஷ்யா தாக்கப்பட்ட பின் நூற்றுக்கணக்கான டாங்கிகள் வடகடல் வழியே அங்கும் சென்றன. ஆயினும் பற்றாக்குறை மட்டுமே காரணமன்று. காடும் ரப்பர்த் தோட்டமும் நிறைந்த நாட்டில் டாங்கி ஓடாது என்று அதிகாரிகள் தமக்குத் தாமே கூறிக்கொண்டனர். தாய்லாந்து எல்லையிலிருந்து சிங்கப்பூர் வரை முதல்தரமான தார்ச்சாலை கிடந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. அச்சாலைகளிலும் தண்டவாளங்களிலும் உழைத்தவர்களிலும், காடழித்து ரப்பரை வரிசை வரிசையாக நட்டவர்களிலும் தமிழர் தொகை பெரிது. நம் மக்களின் வியர்வையால் செழித்த நாட்டில், டாங்கிகளுக்கு இராஜபாட்டை முன்பே ஆயத்தமாக இருந்தது.

டாங்கிகளை எதிர்ப்பது எப்படி என்று விளக்கும் அச்சுப் பிரசுரங்கள் லண்டனிலிருந்து வந்து, சிங்கப்பூர்த் தலைமையகத்தின் அலமாரியில் கட்டுப் பிரிக்காமலே கிடந்ததைத் தாம் கண்டதாகப் பொறியியல் தலைவராயிருந்த பிரிகேடியர் சிம்சன் பின்னாளில் எழுதினார்.

ஜித்ராவும் சிலிம் ஆறும்

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி கரைகளிலும் இறங்கினர். இப்படையெடுப்புக்கு அவர்கள் கொண்டுவந்த டாங்கிகள் இருநூறுக்கு மேல். ஐரோப்பியக் களத்தில் நிற்கத்தக்கவை அல்ல அவை. சிறிய வகையின் எடை ஏழரை டன் அளவே. அதன் கவசம் கனத்த இடத்திலும் 12 மில்லிமீட்டர்தான். ஆனால் எதிரே ஒன்றும் இல்லாத இடத்தில் சிறியதும் பெரியதே.

டிசம்பர் 11 பிற்பகல், கொட்டும் மழையில், கெடா மாநிலத்தின் ஜித்ராவுக்கு வடக்கே நின்ற 14ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாளத்தின் நடுவே டாங்கிகள் புகுந்தன. அச்சிப்பாய்களில் பலர் அதுவரை டாங்கியைக் கண்ணால் கண்டதில்லை. பட்டாளம் சிதறிற்று. மாதக்கணக்கில் காக்க வேண்டிய ஜித்ரா அரண் இரு நாளில் வீழ்ந்தது.

1942 ஜனவரி 7 அதிகாலை, சிலிம் ஆற்றருகே, ஏறத்தாழ முப்பது டாங்கிகள் நிலவொளியில் சாலை வழியே வந்தன. மேஜர் ஷிமாடா தலைமை தாங்கினார். தடைகளை விலக்கி, ஒன்றன்பின் ஒன்றாக இந்திய, ஸ்காட்லாந்துப் பட்டாளங்களை ஊடுருவி, சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்கரைப் பின்னாலிருந்து தாக்கி, முற்பகலுக்குள் சிலிம் ஆற்றுப் பாலத்தையும் கடந்தன. பாலத்துக்கு அப்பால் ஒரு பீரங்கிதான் முன்னணி டாங்கியை நிறுத்திற்று. அதற்குள் பதினோராம் இந்திய டிவிஷன் போரிடும் நிலையை இழந்தது. நான்கே நாளில் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று.

அந்த டாங்கிகளை வெல்லவே முடியாது என்பதன்று. ஜனவரி 18இல் மூவாருக்கு அருகே பக்ரியில், ஆஸ்திரேலியர் இரு டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளைக் கொண்டு ஒன்பது டாங்கிகளை நொறுக்கினர். கருவியும் பயிற்சியும் இருந்த இடத்தில் மனிதன் நின்றான்.

பெஷாவரில் சுட மறுத்த கட்வாலிகளின் அதே இரண்டாம் பட்டாளம் அப்போது மலாயாவின் கிழக்குக் கரையில், குவாந்தானில் நிறுத்தப்பட்டிருந்தது. பின்வாங்கும் வழியில் ஜொகூரில் அதன் பிரிகேட் துண்டிக்கப்பட்டுச் சிதைந்தது. 1930இல் அவர்கள் நின்ற தெருவுக்குக் கவச மோட்டார்கள் அன்றே வந்தன. 1942இல் அவர்களுக்காக எதுவும் வரவில்லை. இந்தியாவிலிருந்து பழைய இலகுரக டாங்கிகள் கொண்ட ஒரு சிறு பிரிவு ஜனவரி இறுதியில் சிங்கப்பூரை அடைந்தபோது மலாயா முழுவதும் கைநழுவிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

மக்கள் பட்ட பாடு

நம் குடும்பங்களில் பினாங்குப் பேச்சு இல்லாத வீடு குறைவு. டிசம்பர் 11இல் அத்தீவின் கடைத்தெருக்களில் குண்டுகள் விழுந்தன. சில நாட்களில் ஐரோப்பியர் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் விடப்பட்டனர். யாழ்ப்பாணத் தமிழரான பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து என்பாரே, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, ஊர் காவலற்றது என்று வானொலியில் அறிவித்து, மேலும் குண்டு விழாமல் தடுக்க முயன்றார். ஆட்சியாளர் விட்டுச்சென்ற கடமையை ஆளப்பட்டவர் ஏற்றார். பின்னர் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழர் ஆயிரமாயிரம்.

ஜித்ராவில் சிதறிய பஞ்சாப் பட்டாளத்தில் கேப்டன் மோகன் சிங் என்பவர் இருந்தார். இந்திய தேசிய இராணுவத்தை முதலில் அமைத்தவர் அவரே. பிப்ரவரி 17இல் சிங்கப்பூரின் ஃபாரர் பூங்காவில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை ஆங்கிலேய அதிகாரி ஜப்பானியரிடம் ஒப்படைத்தபோது, பலருடைய நெஞ்சில் பழைய விசுவாசத்தின் கயிறு அறுந்தது. அதை அறுத்ததில் ஜித்ரா டாங்கிகளுக்கும் பங்குண்டு.

டச்சுக்காரரின் ஜாவாவிலும் கதை இதுவே. அவர்கள் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியிடம் கேட்ட 73 இலகு டாங்கிகளில் மூன்றில் ஒரு பங்கும் வந்து சேரவில்லை. மீதியை 1940இல் பிரிட்டன் தனக்கே வைத்துக்கொண்டது. 1942 மார்ச் 2இல் சூபாங் என்னும் ஊரில் அச்சிறு டாங்கிப் படை துணிந்து புகுந்தது. காலாட்படைத் துணை போதாமல் திரும்பிற்று. 8ஆம் நாள் காலிஜாத்தியில் டச்சுப் படை சரணடைந்தது. முந்நூறாண்டுக்கு மேல் அங்கே வேரூன்றியிருந்தவர்கள் எட்டு நாளில் வீழ்ந்தனர்.

அடுத்த முறை நம் கரை. ஏப்ரல் 5இல் கொழும்பு, 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருக்கோணமலை எனக் குண்டுகள் விழுந்தன. நடுவில் கிடந்தது நம் செங்கல்பட்டுக் கடற்கரை. சென்னையிலிருந்து பெருந்திரளான மக்கள் வெளியேறினர். அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. படையெடுப்பு வரவில்லை. அது இறைவனின் கருணை.

விடுதலைக்குப் பின், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிருந்த ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. அதே விக்கர்ஸ் கம்பெனியின் வடிவமைப்பில், விஜயந்தா என்னும் முதல் டாங்கி 1965இல் அங்கிருந்து வெளிவந்தது. செய்தவர் நம் தொழிலாளர். செலுத்தியவர் நம் வீரர்.

மறுவாரம் அந்தச் சிறுவனைக் கூப்பிட்டு இவற்றையெல்லாம் கூறினேன். "ஊரார் கட்டி, ஊராருக்குக் கணக்குச் சொல்லும் சுவரே ஊரைக் காக்கும், தம்பி. அயலான் கட்டிய சுவர் அயலானைக் காக்கும், அதையும் இறுதிவரை காக்காது" என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியானால், நம் சுவரையும் அது யாரைக் காக்கிறது என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அல்லவா ஹஜ்ரத்?" என்றான். ஆம் என்றேன்.