சங்கணக்கா, கம்ப்யூட்டரா? இந்திக் கணினிச் சொற்களின் வரலாறு

2011 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் ஆட்சிமொழித் துறை ஒரு சுற்றறிக்கையை அனுப்பியது. அலுவலக இந்தியில் கடுஞ்சொற்களைத் தவிர்த்து, மக்கள் வழக்கில் உள்ள சொற்களை எழுதுமாறு அது அறிவுறுத்தியது. ‘மிசில்’ என்பதற்கு மாற்றாக ‘ஃபைல்’, ‘பிரத்யாபூதி’க்கு மாற்றாக ‘கேரண்டி’, ‘குஞ்சிபடல்’ என்பதற்கு மாற்றாக ‘கீபோர்டு’, ‘சங்கணக்’ என்பதற்கு மாற்றாக ‘கம்ப்யூட்டர்’ என எடுத்துக்காட்டுகளும் தரப்பட்டன. சமஸ்கிருதத்தை வீழ்த்தி ஆங்கிலத்தை ஏற்றும் முயற்சி இது எனக் கண்டனங்கள் எழுந்தன.

ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு சொல்லே இக்கருத்தை மறுக்கிறது. மிசில் என்பது அரபு மூலம் கொண்டது. பாரசீகத்தில் நடந்த பழைய கச்சேரி நிர்வாகத்தின் வழியே இந்திக்கு வந்து சேர்ந்தது. சமஸ்கிருதச் சொல்லோடு அதுவும் சேர்த்தே விலக்கப்பட்டது என்றால், அங்கே அளவுகோல் சொல்லின் பிறப்பன்று, புழக்கம்.

இப்பூசலின் வேர் அரசமைப்பிலேயே இருக்கிறது. இந்தி தன் சொல்வளத்துக்கு முதன்மையாகச் சமஸ்கிருதத்தையும், அடுத்த நிலையில் பிற மொழிகளையும் நாட வேண்டும் என்கிறது 351ஆம் பிரிவு. அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த ரகு வீரா இந்நெறியில் உறுதியாக நின்றவர். சமஸ்கிருத வேர்களோடு முன்னொட்டும் பின்னொட்டும் இணைத்துப் பெருந்தொகையான கலைச்சொற்களை ஆக்கினார். 1961இல் அமைந்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் நடுவழியைத் தேர்ந்தது. கருத்தைச் சுட்டும் சொற்களை மொழிபெயர்ப்பது, உலகப் பொதுச்சொற்களை ஒலிபெயர்த்து ஏற்பது என்பது அதன் நெறி. ரேடியோ, பெட்ரோல், ரேடார் முதலியன இரண்டாம் வகைக்கு அது காட்டிய சான்றுகள்.

கணினி இவ்விரண்டில் எவ்வகை? இதற்கு விடை ஆணையத்தின் கையில் இல்லை. ‘சங்கணக்’ மராத்தியில் பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் இடம்பெற்று இயல்பான சொல்லாயிற்று. இந்தியிலோ அது அலுவலகத் தாளைத் தாண்டி அதிகம் செல்லவில்லை. கடைப்பலகையும் செய்தித்தாளும் ‘கம்ப்யூட்டர்’ என்றே எழுதின. ஒரே வேர், ஒரே தேவநாகரி எழுத்து, ஆயினும் இரு மொழிகளில் இரு வேறு விதி.

கம்ப்யூட்டர் வென்ற பின்னும் வழக்கு முடியவில்லை. அச்சொல்லின் மகர ஒலியை எழுத்தின் மேல் இடும் புள்ளியாகிய அனுஸ்வாரத்தால் எழுதலாம்; அரை மகரமாகவும் எழுதலாம். அச்சின் வசதியும் ஒருமைப்பாடும் கருதி மத்திய இந்தி இயக்குநரகம் அனுஸ்வாரத்தையே பரிந்துரைத்தது. கலைச்சொல் ஆணையமும் அதை ஏற்றது. எனினும் லென்ஸ், பேட்டன்ட் போன்ற சொற்களில் அரை னகரமே வேண்டும் என விதிவிலக்கு வகுத்தது.

‘ஃபைல்’ என்பதில் மற்றொரு சிக்கல். ஃபகரத்தைக் குறிக்க எழுத்தின் கீழ் இடும் நுக்தா என்னும் புள்ளியைப் பலர் விட்டுவிடுகின்றனர். இட்டவர்களின் எழுத்தும் ஒன்றாக இருப்பதில்லை. யூனிகோடில் புள்ளியோடு கூடிய ஃபகரத்துக்குத் தனிக் குறியீடு உண்டு. பகரத்தையும் புள்ளியையும் அடுத்தடுத்துச் சேர்த்தும் அதே எழுத்தை ஆக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒருமைப்படுத்தும் முறை யூனிகோடிலேயே வகுக்கப்பட்டிருந்தும், அதைப் பின்பற்றாத மென்பொருளுக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

அச்சு நூலைப் படிப்பவர் இவ்வேறுபாடுகளை எளிதில் கடந்துவிடுவார். தேடுபொறி கடப்பதில்லை. ‘சந்திர’ என்னும் பெயர் பதிவேட்டில் அரை னகரத்தோடு ஏறியிருக்க, அதற்குரியவர் அனுஸ்வாரத்தோடு தேடினால், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் ஏற்பாடு அம்மென்பொருளில் இல்லாதவரை அப்பெயர் அகப்படாது. அறிஞர் சபையில் தொடங்கிய கருத்து வேறுபாடு இவ்வாறு ஒரு குடிமகனின் ஆவணத்தைத் தொடுகிறது.

கட்டற்ற மென்பொருள்களை மொழிபெயர்த்தவர்கள் இதை அன்றாடம் சந்தித்தனர். ஒரே திரையில் ஒரு பட்டியில் ஒரு சொல், மற்றொன்றில் வேறு சொல். 2008இல் ரெட் ஹேட் நிறுவனத்தின் முன்முயற்சியால் தொடங்கிய ஃபியூயல் திட்டம், திரையில் அடிக்கடி வரும் சொற்களை மட்டும் தொகுத்தது. மொழிபெயர்ப்பாளரும் மொழி அறிந்தோரும் கூடி அவற்றை ஒவ்வொன்றாக விவாதித்துத் தீர்மானித்தனர். இந்தியில் தொடங்கிய முறை பிற இந்திய மொழிகளுக்கும் பரவியது.

ஆணையமும் சுற்றறிக்கையும் மேலிருந்து சொற்களை வழங்கின. இம்முறை, சொற்களைக் கையாள்வோரையே கூட்டி முடிவெடுக்கச் செய்தது. சங்கணக்கும் கம்ப்யூட்டரும் ஒரே மொழியில் அருகருகே வாழலாம். அதனால் யாருக்கும் இழப்பில்லை. ஒரே சொல்லின் பல எழுத்துக்கூட்டல்களைப் பொருத்திக் காண மென்பொருளைப் பழக்குவதே எஞ்சி நிற்கும் பணி. அதற்குத் தூய்மைவாதமும் வேண்டியதில்லை, எளிமைவாதமும் வேண்டியதில்லை.